கருப்பெட்டியின் கடைசி வசனம்

அக்கா: முடியாது. அந்த வரியை எடுக்க மாட்டேன்.

தம்பி: அக்கா, அது கருவை வளர்க்கிற மெஷின். கண்ணாடித் தொட்டி, நாலு குழாய், உள்ள ஒரு நீல லைட்டு. அது போய் 'குழந்தையை ஒரு தடவை காட்டுங்க'ன்னு கேக்குமா?

அக்கா: பேசுற மெஷின்தானே? இத்தனை வாரமா உள்ள இருக்கிற பிள்ளைக்குக் கதை சொல்லிச்சு, பாட்டுப் பாடிச்சு. அப்பல்லாம் வாயை மூடிக்கிட்டுத்தானே டைரக்ட் பண்ணே?

தம்பி: அது தாலாட்டு. ஜனங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு.

அக்கா: சுமக்கிற வரைக்கும் பேசலாம். பெத்த பிறகு பேசக் கூடாது. அப்படித்தானே?

தம்பி: ஐயோ... வசனம் எழுதச் சொன்னா வம்புக்கு நிக்கிறியே. செட்ல எல்லாரும் காத்துக் கிடக்கிறாங்க. கைக்குழந்தை வேற ரெண்டு தடவை பாலைக் கக்கிடுச்சு. சீன் இவ்வளவுதான்... தொட்டி திறக்குது. குழந்தை அழுவுது. அம்மாக்காரி ஓடி வந்து வாங்குறா. சுவிட்சை அணைக்கிறாங்க. முடிஞ்சுது.

அக்கா: யாரு அம்மாக்காரி?

தம்பி: ஹீரோயின். வேற யாரு?

அக்கா: சும்மா கேட்டேன்.

தம்பி: நீ சும்மா கேக்குற ஆளா? இங்க பாரு... அந்த வரி வந்தா எல்லாரும் மெஷின் பக்கம் சாய்ஞ்சிடுவாங்க. அவளைத் திருடி மாதிரி பார்ப்பாங்க.

அக்கா: ஒரு தடவை காட்டினதுக்கா?

தம்பி: நீ மெஷினைப் பத்தித்தான் பேசுறியா?

அக்கா: வேற எதைப் பத்தி?

தம்பி: ...என் பொண்ணு உன்மேல உசுரையே வச்சிருக்கா. லீவு விட்டா அத்தை வீடுதான். என்னைக்காவது தடுத்தோமா?

அக்கா: தடுத்தீங்கன்னு யார் சொன்னா?

தம்பி: அப்புறம் என்னக்கா? எங்க பிள்ளையை உன் வயித்துல சுமந்து பெத்துக் கொடுத்தே. நானும் மறக்கலை, என் பொண்டாட்டியும் மறக்கலை. அதுக்காக அதைக் கொண்டாந்து என் சீரியல்ல...

அக்கா: நானா கொண்டாந்தேன்? கருப்பெட்டிக் கதைன்னு வந்து நின்னது யாரு?

தம்பி: சரி, நான்தான். புத்தி கெட்டுப் போச்சு. ஆனா அன்னிக்கு நீ ஒண்ணுமே கேக்கலையேக்கா. ஆபரேஷன் முடிஞ்சு மயக்கத்துல கிடந்தே. நீ கண்ணு முழிக்கிறதுக்குள்ள நாங்க பிள்ளையைத் தூக்கிட்டு வேற ரூமுக்குப் போயாச்சு.

அக்கா: கேட்டேன்டா. குரல்தான் எழும்பலை. ஆனா நர்ஸுக்குக் கேட்டுடுச்சு. 'ஒரு தடவை காட்டிடட்டுமா சார்'னு உங்கிட்ட கேட்டாங்க. 'வேணாம், பார்த்தா விட மாட்டா'ன்னு சொன்னே பாரு... அதுவும் என் காதுல விழுந்துச்சு.