ஆர்டெல்லாவில் நிற்காத ரயில்

எனக்குக் காப்பியில் சர்க்கரை வேண்டாம், ஷெரிப். உட்காருங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

ஆர்டெல்லா ஸ்டேஷனில் முதல் ரயில் டிக்கெட்டை விற்றவன் நான். அப்போது மர அறுவை மில் இரவு பகலாக ஓடியது. இரண்டு ஹோட்டல், ஒரு பேண்டு வாத்தியக் கோஷ்டி, மூன்று சர்ச்சு. பைன் மரமெல்லாம் தீர்ந்ததும் மில்காரன் இயந்திரங்களைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விட்டான். பிறகு ஜனங்கள் என் ஜன்னலுக்கு வரிசையாக வந்தார்கள், போவதற்கு மட்டும் டிக்கெட் கேட்டு. வயிறு எரிந்தது. சோறு போட்ட ஊரை இப்படியா விட்டுப் போவது?

ரயில் கம்பெனியும் எங்களைக் கைகழுவியது. நான் கொடி காட்டினால்தான் வண்டி நிற்கும் என்றாக்கிவிட்டார்கள். இந்த வசந்தத்தில் வெள்ளம் ரோட்டுப் பாலத்தையும் அடித்துக்கொண்டு போனது; அதன்பிறகு வெளியே போக ரயில்தான் வழி. பள்ளிக்கூடத்தில் மிச்சம் பன்னிரண்டு பிள்ளைகள். ஒன்று குறைந்தாலும் மூடிவிடுவார்கள். அதில் நான்கு, வைலி டாட்லக்கின் பிள்ளைகள்.

திங்கட்கிழமை காலை வைலி தன் மனைவி நெட்டியைக் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கி வந்தான். குடல்வால் வீங்கியிருந்தது. மெரிடியன் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைப்பாள். ஆனால் அங்கே வைலியின் தம்பி அவனுக்கு வேலை பார்த்து வைத்திருந்தான். போனால் ஆறு பேரும் திரும்ப மாட்டார்கள்.

கொடியோடு தண்டவாள வளைவுக்குப் போனேன். அங்கே நிற்பவன் டிரைவர் கண்ணுக்குத் தெரிவான், பிளாட்பாரத்தில் இருப்பவர்களுக்குத் தெரிய மாட்டான். கொடியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டேன். நான் கொடியே காட்டவில்லை என்று டிரைவர் உங்களிடம் சொன்னது சரிதான்.

"நிக்கலையேண்ணே," என்றான் வைலி.

"காட்டினேன்ப்பா. பாத்தும் பாக்காத மாதிரி போயிட்டான். நாளைக்குப் பாப்போம்."

செவ்வாயும் அப்படித்தான். புதன்கிழமை நெட்டியே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்காவது அவன் கண்ணுல படுற மாதிரி நில்லுங்கண்ணே."

கை அடுப்பாகச் சுட்டது. எனக்கும் மனசு கேட்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொண்டேன். கொடியை விரிக்கவில்லை. சாயங்காலம் அவள் போய்ச் சேர்ந்தாள்.

அடக்கம் முடிந்ததும் வைலி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தண்டவாளத்தோடு நடந்தே போய்விட்டான். பள்ளிக்கூடத்தை மூடினார்கள். மிச்சம் இருந்தவர்களும் கிளம்பினார்கள். நன்றி கெட்ட ஜனங்கள்.

எழுதிக்கொள்ளுங்கள், நெட்டியைக் கொன்றது நான்தான். ஆனால் ஊரில் ஆளே இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் இருக்கிறேன். நெட்டியும் எங்கேயும் போகவில்லை.