எல்லை தாண்டிய கோழிகள்

யுத்த காலம். காரிமங்கலத்தில், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரி பஸ் சந்தைக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டிருந்தது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு சிநேகிதர்கள். ஒல்லியானவர் மடியில் ஒரே ஒரு கோழி.

“நம்ம கோழிங்களுக்குக் கன்னடம் தெரியாததாலதான்டா யாவாரம் கெட்டுச்சு,” என்றார் அவர்.

குண்டானவர் சிரித்தார். “பெங்களூரு பட்டாளத்துக்கு விக்கப்போற கோழிய, எல்லையிலயே வண்டியக் கவுத்து ஓட உட்டது யாரு மாது? நீதான?”

“நானேதான். பொண்டாட்டி காதுத் தோட்ட அடகு வெச்சி வாங்குன கோழி. ரோட்டுல குந்தி அழுதுட்டேன்.”

“அந்தக் கன்னடத்து ஊரு பொம்பளைங்க பொழுது சாயற வரைக்கும் தொரத்திப் புடிச்சாங்களே! ஒண்ணயும் வெச்சிக்கல. கிருஷ்ணகிரிக்கே திரும்பி வந்து, வாங்குன வெலைக்காவது வித்தோம். தோடு தப்பிச்சிது.”

“இதுவும் அவுங்க குடுத்ததுதான். எம் பொண்டாட்டி புள்ள பெத்திருக்கான்னதும், அவளுக்குச் சாறு வெச்சிக் குடுன்னு, அதுல ஒரு வயசானம்மா தன்னோட கோழியையே குடுத்துட்டாங்க. நல்லா இருக்கணும்.”

“அடுத்த தபா புளி ஏத்துவோம்டா. அது ஓடாது.”

மாது சிரிக்கவில்லை. “அந்தம்மா பேரு என்னடா?”

“கெம்பம்மான்னு கூப்ட்டாங்க. ஏன்?”

“எம் பொண்ணுக்கு இன்னும் பேரு வெக்கல.”

பஸ் புறப்பட்டது. மாது கோழியை அணைத்தபடி, “கெம்பம்மா… கெம்பம்மா…” என்று மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.