மூன்றாவது முகம்

நான் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. நீங்கள் கொடுத்தது இனிப்பாக இருக்கிறது, பரவாயில்லை.

என் வேலை பங்கு பிரிப்பது. நகரத்தின் செல்போன் கோபுரங்களில் எது எவ்வளவு சக்தியோடு இயங்க வேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து நான் தீர்மானிப்பேன். ஒன்று தேவைக்கு மேல் உரக்கப் பேசினால் பக்கத்துக் கோபுரத்தின் பேச்சு கெடும். ஓரிடத்தில் கூட்ட வேண்டுமென்றால் இன்னோரிடத்தில் குறைக்க வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். பதினாறு வருடத்தில் என்மேல் ஒரு குறையும் எழுதப்பட்டதில்லை.

ஒவ்வொரு கோபுரத்துக்கும் மூன்று முகம்; ஒவ்வொன்றும் ஒரு திசைக்குச் சிக்னல் அனுப்பும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துக் கோபுரத்தின் மூன்றாவது முகம் எங்கள் தெருவைப் பார்க்கிறது.

என் மனைவி சமையலை முடித்துவிட்டுத் தினமும் பதினொரு மணிக்குத் தன் தங்கையோடு முக்கால் மணி நேரம் பேசுவாள். எங்கள் பதிவில் எண்ணும் நேரமும்தான் தெரியும், பேச்சு தெரியாது. ஆனால் ஒருநாள் பீரோவைத் திறந்தேன். அவளுடைய சேலைகளில் பாதியைக் காணவில்லை. கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பார்கள். என்னைவிட்டு வந்துவிடும்படி தங்கை கரைத்துக்கொண்டிருந்தாள்.

நான் சண்டை போடவில்லை. மறுநாளிலிருந்து பதினொன்று முதல் ஒரு மணிவரை மூன்றாவது முகத்தின் சக்தியைக் குறைத்தேன். பதிவேட்டில் 'மின் சிக்கனம்' என்று எழுதினேன். மேலதிகாரி பாராட்டினார்.

"வீட்டுல சிக்னலே நிக்க மாட்டேங்குது. உங்க கம்பெனிதானே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள்.

"சொல்லியிருக்கேன். பாப்பாங்க."

"ஊருக்கெல்லாம் சிக்னல் குடுக்கிற மனுஷன் வீட்டுல போன் செத்துக் கிடக்கு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

தெருவில் நாற்பது வீடுகள். அவர்களுடைய புகார்களும் என் மேசைக்குத்தான் வரும். 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதி மூடினேன். இப்படி இரண்டு மாதம் போயிற்று.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கிளம்பும்போது, "இன்ஹேலர் தீந்துபோச்சு, வரும்போது மறக்காம வாங்கிட்டு வாங்க" என்றாள். அவளுக்கு ஆஸ்துமா. பதினொன்றே காலுக்கு அந்த முகத்தில் ஒரே போனிலிருந்து அழைப்புகள் வந்து வந்து அறுந்தன. அவள் எண். தங்கைக்குத்தான் என்று நினைத்து இன்னும் ஒரு படி குறைத்தேன். ஏழாவது முயற்சியில்தான் பதிவைத் திறந்து, யாரைக் கூப்பிடுகிறாள் என்று பார்த்தேன்.

என்னை. என் போன் கீபோர்டுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் கிடந்தது.

ஒரு பொத்தான் போதும், கூட்டியிருக்கலாம். கூட்டினால் அடுத்த அழைப்பு தங்கைக்குப் போகும். ஒரு மணிவரை என்பது ஏற்பாடு. கொண்டுபோயிருந்த சாப்பாட்டைச் சாப்பிட்டேன். பதினொன்றாவது முயற்சிக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

ஒரு மணிக்குக் கூட்டினேன். உடனே போன் அடித்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா.

"எத்தன தடவ போட்டேன் சார், போகவே இல்லையே. ஆம்புலன்சுக்கும் போகல. நான் வந்து பாக்கறப்பவே உடம்பு சில்லுனு ஆயிடுச்சு."

எதற்காகக் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்டீர்கள். தெரிந்திருந்தது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இதையும் சேர்த்து எழுதுங்கள். பதினொரு அழைப்பும் எனக்குத்தான். தங்கையை அவள் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. எங்களுக்குள் எல்லாம் சரியாகிக்கொண்டுதான் வந்தது.