அடுக்களையில் பழகிய பேச்சு

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகிற பஸ். கடைசி சீட்டில் நான். எனக்கு முன்னால் இருந்த இருவரில் ஒருவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

“ஓலைக்கூரை என் சத்தத்தைத் தின்னுபோட்டு மக்கா” என்றார் அவர். நான் காதைத் தீட்டினேன்.

“நாளைக்குக் கூட்டத்தில, நம்ம ஊரு மலையாள நாட்ட விட்டுத் தாய்த்தமிழகத்தோட சேரணும்னு நீயாக்கும் பேசணும். எங்கலே பழகின?” என்றார் கூட இருந்தவர்.

“அடுக்களையில. வெளிய பேசினா பக்கத்து வீட்டுக்காரனுவ சிரிப்பானுவ. உள்ள எவ்வளவு பேசினாலும் ஓலையும் கரியும் சத்தத்தைத் திருப்பித் தரல்ல. பத்தாதுன்னு நெனச்சு ஒரு வாரமா அலறினேன்.”

“எலே, கூட்டம் ஓடு போட்ட பள்ளிக்கூடத்திலல்லா? அங்க மெதுவாச் சொன்னாலே செவரு ரெண்டு தடவ சொல்லும். வரிக்கு வரி நிறுத்திப் பேசினாப் போதும்.”

“இனி அதுக்கும் தொண்டை இல்ல. கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கணுமே! ஆரு பேசுவா?”

முன் சீட்டிலிருந்து தொண்டை கட்டியவரின் மனைவி திரும்பினாள். “அந்த அடுக்களையில நானும் உண்டு. மொத்தப் பேச்சும் எனக்குப் பாடமாக்கும்.”

“நீயா? நூறு பேர் முன்னால?”

அவள் கம்பியைப் பிடித்து எழுந்தாள். “பெரியோர்களே, தாய்மார்களே! எங்கள் பிள்ளைகள் தமிழில் படிக்க வேண்டும்!” சொல்லிவிட்டு நிறுத்தினாள், சுவர் பதில் சொல்லக் காத்திருப்பவள் மாதிரி.

தொண்டை கட்டியவர் வாய் பிளந்து பார்த்தார்.

என் பக்கத்தில், பின்வாசல் படியில் நின்ற கண்டக்டர் கத்தினார்: “இங்க நல்லாக் கேட்டுது அக்கா, மிச்சத்தையும் சொல்லுங்க!”