உள்ள விழுந்த தழும்பு

அடுப்பத் தணிச்சிட்டேன், இப்பப் பேசலாம். நாற்காலியத் தட்டிட்டு உக்காருங்கண்ணே, கடலை மாவு. புந்தோங்குல கச்சாங் பூத்தேன்னு முறுக்கு, கடலைப் பலகாரம் போடுற வீட்டுக்கு வந்தா மாவு ஒட்டாமத் திரும்ப முடியாதுலா. சரி, உடையப்பனுக்கு உங்க மகளக் குடுக்கப் போறீங்க. மொதப் பொண்டாட்டிக்கு அக்கா நான், என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்திருக்கீங்க. நல்லதுதான். அந்த வீட்டு ஆளுங்களுக்கு இந்த முறையெல்லாம் தெரியாது.

என்ன, அம்மை போட்டுப் போயிட்டாளாம்னு சொன்னாங்களா? மாலை போட்ட படம்கூடப் பாத்தீங்களா? ம். அதுக்கு வாரேன். மொதல்ல என் தங்கச்சி கருப்பம்மா அங்க இருந்த லட்சணத்தக் கேளுங்க.

எம்பத்து மூணுல அவளுக்கு ஒடம்பெல்லாம் அம்மை. தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குற டிரெஸ்ஸர் பாக்க வந்தாரு. மாமியாக்காரி வாசல்ல வேப்பிலையச் சொருகிட்டு, ஆத்தா வந்திருக்கா, ஊசி மருந்தெல்லாம் ஆகாதுன்னு அனுப்பிட்டா. அது நம்ம சனங்க எல்லாரும் செய்யறதுதான், நான் குத்தம் சொல்லல. ஆனா கொப்புளம் காஞ்சப்புறம் மறுபடியும் காய்ச்சல் ஏறி, பேச்சு கொளறி, நடந்தா காலு பின்னிச்சு. அப்பவாச்சும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாம்ல?

போகல. மூணாந் தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடியே இவ தலைக்குக் குளிச்சிட்டாளாம். அதனால ஆத்தா எறங்காம கோவிச்சுக்கிட்டு உள்ளயே உக்காந்துட்டாளாம். விடிஞ்சா போதும், நடுங்க நடுங்க மஞ்சத் தண்ணி ஊத்துவாங்க. காய்ச்சல் ஒரு வழியா விட்டுச்சு. ஆளுதான் திரும்பி வரல. சுவத்தப் பாத்து முடங்கிக்கிட்டா. ஏண்டின்னா, ஒண்ணுமே புடிக்கலக்கா, செத்தாத் தேவலன்னா. தோட்டத்துல ரப்பர் பால் மரம் சீவுறதுல அவள மிஞ்ச ஆளு கெடையாதுண்ணே. அவளப் போயி உடையப்பன் சோம்பேறின்னான்.

அப்புறம் ஒரு பூசாரி வந்தான், வாயத் தொறந்தா சாராய நாத்தம். கூந்தல முடிஞ்சு தூணோட கட்டிப் பெரம்பால அடிச்சான். அவ அழல. அழறதுக்கும் தெம்பு வேணும்ல? அதுக்கும், பாத்தியா, ஆத்தாதான் அடிய வாங்கிக்கிறான்னானுங்க. உங்க மாப்பிள்ளை அப்ப என்ன செஞ்சான் தெரியுமா? அங்கயே உக்காந்து பூசைக் கோழிய எலும்பு எலும்பாக் கடிச்சுக்கிட்டிருந்தான். என்னையப் பாத்ததும் வெரல நக்கிக்கிட்டே, வாங்க மதினி, ஒரு வாய் சாப்பிடுறீங்களான்னான். த்தூ! அன்னிலேருந்து நான் கோழி தொடுறதில்ல.

அதோட விட்டானா? சிம்பாங் பூலாய் பஸ் ஸ்டாப்புல அவள ஒரு துணி மூட்டையோட உக்கார வச்சிட்டுப் போயிட்டான். கேமரன் மலைக்குப் போற லோரிப் பொகையத் தின்னுக்கிட்டு அங்கயே கெடந்திருக்கா. கண்டக்டர் ராஜு நம்ம புந்தோங் ஆளு, அடையாளம் கண்டு கூட்டியாந்து விட்டாரு. சீலையெல்லாம் ஒண்ணுக்கு. ஒரு மனுசன் கட்டுன பொண்டாட்டிய விட்டுட்டுப் போற லட்சணமாண்ணே இது?

வைத்தியமா? பாத்தேன், நான்தான் பாத்தேன். கோலாலம்பூருல புது மெஷினு வந்திருக்கு, தலைக்குள்ள படம் எடுக்குதுன்னாங்க, கூட்டிப் போனேன். டாக்டரு படத்த வெளிச்சத்துல வச்சுக் காட்டுனாரு. மூளைக்குள்ள நரம்பு ஓடுற வெள்ளைப் பாகம்னு ஒண்ணு இருக்காம். அம்மைக் கிருமி வந்து போனதுல அங்கங்க திட்டுத் திட்டாக் கெட்டுப் போயிருக்காம். மூஞ்சில விழுந்த தழும்பு மாதிரி உள்ளயும் விழுந்திருக்கும்மான்னாரு. மனசு செத்துப்போனதும் அதனாலயா இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது, மாத்திரை குடுத்துப் பாக்கலாம்னாரு. தழும்புண்ணே! தழும்பப் போயி பெரம்பால அடிச்சிருக்கானுங்க.

அந்தப் படத்த எடுத்துக்கிட்டு உடையப்பன் வீட்டுக்குப் போனேன். பாத்தாப் புரிஞ்சுக்குவான்னு ஒரு நப்பாசை. வாசல்ல பந்தல். எல போட்டு ஊரே சாப்பிடுது. நடுவீட்டுல குத்துவிளக்கு, மாலை போட்ட படம். நீங்க பாத்தீங்களே, அதே படம்தான். கருமாதியாம். அவன் மொட்டத் தலையோட நின்னு சாம்பார் வாளி தூக்கிக்கிட்டிருக்கான். பந்தக்காலப் புடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தவதான், அந்த வாசப்படிய மிதிக்கவே இல்ல.

அழுதிருக்கணுமே, வாந்தி எதுக்குன்னு பாக்குறீங்களா?

ஐயோ, தேத்தண்ணிய அப்படியே வச்சிட்டீங்க. உப்புக் கரிக்குதா? கோவிச்சுக்காதீங்கண்ணே, சில நாள் சீனின்னு நெனச்சு உப்ப அள்ளிப் போட்டுரும். மாத்திரை சாப்பிட்டு இப்பத்தான் அடுப்புப் பக்கமே வருது. வேலைக்கு வச்ச புள்ளையான்னு கேட்டீங்கள்ல, குனிஞ்ச தலை நிமிராம வச்சிட்டுப் போனப்ப? இல்லண்ணே. மாலை போட்ட படத்துல இருக்கறது அதுதான்.

உக்காருங்க, உக்காருங்க, எங்க எந்திரிக்கிறீங்க? கருப்பம்மா! அண்ணனுக்கு வேற தேத்தண்ணி கொண்டா. நீயே கொண்டா, மொகத்த நல்லாப் பாக்கட்டும்.