மெஷின் நின்ற பிறகு

மணி பதினொன்று தாண்டியிருக்கும். ஊருக்கு வெளியே ஒரு சாலை... ஒரு தெருவிளக்குகூட எரியவில்லை. ஸ்கூட்டரின் முன்னால் ஒரு பெட்டி, அதற்குள் மூச்சு மெஷின். ஓட்டிப்போனவர் என் நண்பனின் தாய்மாமா. மூச்சு முட்டும் நோயாளிகளின் வீட்டுக்கே போய் மெஷின் பொருத்திக் கொடுப்பதுதான் அவர் வேலை. எங்களுக்குக் ‘காற்று மாமா’. கதை விடத் தெரியாத மனுஷன்.

வழி தவறிவிட்டது. தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார். கதவைத் திறந்த மகள், மெஷின் வந்ததும் மூச்சு சரியாகிவிடும் என்று அப்பாவுக்குச் சத்தியம் செய்திருப்பதாகச் சொல்லி அழுதாள். அறையில் தைலமும் வியர்வையும் கலந்த வாடை. பெரியவர் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் பாதி மூடியிருந்தது.

மாமா எடுத்தவுடன் முகமூடியின் வாரை இறுக்க மாட்டார். முதலில் முகமூடியைக் கையாலேயே முகத்தில் பிடித்துப் பழக்குவார். எல்லோரும் பயந்து அந்தக் கையைத் தட்டிவிடுவார்கள். பெரியவரோ மாமாவின் கையைப் பிடித்துத் தன் முகத்தோடு அழுத்திக்கொண்டார். பிடி ஜில்லென்று இருந்தது.

உஸ்ஸ்... உஸ்ஸ்... நோயாளி மூச்சை இழுத்தால் மெஷின் காற்றைத் தள்ளும். இழுக்காவிட்டால் தானாகத் தள்ளவும் அதில் ஓர் ஏற்பாடு உண்டு. அழுகிற பெண்ணைத் தேற்றும் அவசரத்தில் மாமா அதைப் போட மறந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தெரு டாக்டர் வந்தார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். மாமாவைத் தனியே கூப்பிட்டார்.

“உடம்பு விறைச்சுப்போச்சு. நீங்க வர்றதுக்கு முன்னாடியே போயிட்டார். மெஷின்தான் தானா தள்ளிக்கிட்டிருக்கு.”

மாமா தலையாட்டினார். அப்புறம்தான் உறைத்தது... தானாகத் தள்ளும் ஏற்பாட்டை அவர் போடவே இல்லை.

முகமூடியைக் கழற்றித் தலையணையில் வைத்தார். முகத்தைவிட்டு எடுத்தால் காற்று கசிகிறதென்று மெஷின் அலற வேண்டும். அலறவில்லை. உஸ்ஸ்... உஸ்ஸ்... முகமூடியின் உட்பக்கம் ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

“அணைச்சிடாதீங்கண்ணா. அப்பா இன்னும் இழுக்கிறார்.”

டாக்டர் அணைக்கச் சொன்னார். மாமாவின் விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் போனது. தொடக்கூட இல்லை... மூச்சு வேகமானது. உஸ்-உஸ்-உஸ்-உஸ்... பயந்துபோன மனுஷனின் மூச்சு. அவள் முகமூடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பயப்படாதீங்கப்பா, பயப்படாதீங்கப்பா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மாமா கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

மெஷின் உடனே நின்றுவிட்டது.

மூச்சு நிற்கத்தான்... இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.