நாற்பதும் முப்பத்தெட்டும்

சாக்பீஸைப் பீரில் லேசாக நனைத்துக் கரும்பலகையில் எழுதினால் எண் பளிச்சென்று நிற்கும். காய்ந்த பிறகு கை பட்டாலும் சுலபத்தில் அழியாது. 'கிரே மேர்' பப்பில் டார்ட்ஸ் ஆட்டத்துக்குக் கணக்கு எழுதிய காலம் முழுவதும் நான் அப்படித்தான் எழுதினேன். என் எண்களைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை.

நீங்கள் ஆடியதில்லை என்றீர்கள். விதி எளிது. ஐந்நூற்றொன்றில் தொடங்க வேண்டும். ஒரு முறைக்கு மூன்று அம்பு. எடுத்ததைக் கழித்துக்கொண்டே வந்து, சரியாகப் பூஜ்யத்தில் முடிக்க வேண்டும். முடிக்கும் அம்பு வெளி விளிம்பிலுள்ள ஒல்லி வளையத்தில், டபுளில், குத்த வேண்டும்; அங்கே எண் இரட்டிப்பாகும். நடுப்புள்ளியை இப்போதைக்கு விடுங்கள். நாற்பது மிச்சமென்றால் டபுள் இருபது. மிச்சத்தைத் தாண்டிவிட்டால் அந்த முறையே செல்லாது. பழைய எண்ணுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

கணக்கு எழுதுபவன் பலகையோரம் அசையாமல் நிற்க வேண்டும். எறிபவன் கேட்டால் மிச்சத்தைச் சொல்லலாம்; எப்படி முடிப்பதென்று சொல்லக் கூடாது. திரும்பி அவன் முகத்தைப் பார்க்கவும் கூடாது. பழகிவிட்டால் அது கஷ்டமில்லை.

வில்ஃப் பௌர்ன் எதையும் கேட்க மாட்டான். பீங்கான் சூளையில் என்னோடு வேலை பார்த்தவன். என் மனைவி போன பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எனக்கு அவன் வீட்டில்தான். எல்லா எண்ணும் அவன் தலைக்குள் இருக்கும். எழுதியதை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான். "எழுதினதப் பாத்து எறியறவன் அடுத்தவன் பல்லுசெட்ட வாங்கிப் போட்டு மெல்லுறவன்," என்பான்.

ஓர் இலையுதிர் காலத்தில், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் சொன்னான். "டேய் சிரில், மக கூப்பிடுறாடா. தெக்கே கடலோரத்துல வீடு, மாடியில எனக்குன்னு ஒரு ரூம். குளிர் போனதும் கெளம்பிடுவேன்."

"அங்க டார்ட்ஸ் உண்டா?" என்றேன்.

"இல்லன்னா மீன் மேல எறிஞ்சுட்டுப் போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அவனை விட்டால் யாருமில்லை என்பது அவனுக்குத் தெரியும். அதைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அடுத்த ஆட்டத்தில் அவனுக்கு நூறு மிச்சம். அறுபது எடுத்தான். அம்புகளைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினான். நான் வாயால் அறுபது என்றேன். கையால் அறுபத்திரண்டு என்று எழுதினேன். கழித்தலில் தவறில்லை: முப்பத்தெட்டு. அடுத்தவன் எறிந்துவிட்டால் கரும்பலகையிலிருப்பதுதான் கணக்கு, அது எங்கள் லீக்கின் வழக்கம். எதிராளி டெரெக் எறிந்தான். பிறகு வில்ஃப் வந்து முதல் அம்பிலேயே டபுள் இருபதைக் குத்திவிட்டு, டெரெக்குக்குக் கை கொடுக்கப் போனான்.

"எதுக்குப்பா கை? உனக்கு முப்பத்தெட்டு. தாண்டிட்ட," என்றான் டெரெக்.

வில்ஃப் அன்றுதான் முதல்முறையாகக் கரும்பலகையை நிமிர்ந்து பார்த்தான்.

"சிரில்?"

"முப்பத்தெட்டுதான் வில்ஃப்."

"மீனுக்கு இப்பவே குளிர் விட்டுப்போச்சு," என்று யாரோ சொன்னார்கள். பெரிய சிரிப்பு. வில்ஃபும் சிரிக்கப் பார்த்தான்.

ஒவ்வொரு ஆட்டத்திலும் செய்யவில்லை. அப்படிச் செய்தால் பிடிபட்டிருப்பேன். அவன் அசந்திருக்கும் சமயம் பார்த்து, எண்ணில் ஒன்று அல்லது இரண்டு மட்டும் மாற்றுவேன். குளிர் முற்றுவதற்குள் அவன் ஒவ்வொரு அம்புக்கும் என்னிடம் மிச்சம் கேட்கத் தொடங்கினான். பிறகு கடையில் சில்லறையை எண்ணித் தரச் சொன்னான். பிறகு கார்ச் சாவியை அவனே என்னிடம் கொடுத்தான். நான் கேட்கவில்லை. ஜில்லியன், அவன் மகள், ஃபோன் செய்தபோது உண்மையைத்தான் சொன்னேன்: அப்பாவுக்கு எண்கள் தவறுகின்றன.

மருத்துவரிடம் நான்தான் கூட்டிப் போனேன். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்லச் சொன்னார். வில்ஃப் வாழ்நாளெல்லாம் செய்தது அதைத்தான். "தொண்ணூத்தி மூணு," என்றான். "எம்பத்தாறு." அங்கே நின்று என் பக்கம் திரும்பினான். "சரியாடா சிரில்?"

நான் சுவரைப் பார்த்தேன். எறிபவன் முகத்தைப் பார்க்கக் கூடாதல்லவா. அவன் அதற்கு மேல் எண்ணவில்லை.

மாடியும் கடலும் அவனுக்கு ஆபத்து என்று ஜில்லியன் முடிவு செய்தாள். மேட்டுத் தெருவிலுள்ள முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். தினமும் சூடாக ஓட்ஸ் தோசையும் பாலாடைக்கட்டியும் கொண்டு போகிறேன். அவன் எங்கேயும் போகவில்லை.

நான் நன்றாகத் தூங்குகிறேனா என்று கேட்டீர்கள். முகம் மழிக்கும்போது மட்டும் சிரமம். சுவரைப் பார்த்து நின்றால், முதுகுக்குப் பின்னால் யாரோ எறிகோட்டில் காலை வைத்துக் கை ஓங்கி நிற்பதுபோல் இருக்கிறது. அம்பு குத்தும் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். அது வருவதில்லை. திரும்பிப் பார்க்கலாம். பழக்கம் விடவில்லை.

இல்லத்தில் காந்த அம்பு வைத்து ஆடும் பலகை ஒன்று உண்டு. போன வாரம் வில்ஃப் அதில் ஆடினான். முப்பத்தைந்தில் பதினாறு எடுத்துவிட்டுச் சொன்னான்: "பத்தொம்பது மிச்சம். மூணு, அப்புறம் டபுள் எட்டு."

"இருபத்தொண்ணு, வில்ஃப்."

அம்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் என்னையே பார்த்தான். "அப்படின்னா அஞ்சு, டபுள் எட்டு," என்றான். பிறகு, "நீ மட்டும் இல்லன்னா நான் என்னடா பண்ணுவேன்?"

பக்கத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பணிப்பெண் மனதுக்குள் கழித்துப் பார்த்திருக்கிறாள். அதனால்தான் நீங்கள் விசாரிக்க வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். மறுக்கவில்லை. அவன் மூளையில் எந்தக் கோளாறும் இல்லை, என்றைக்கும் இருந்ததில்லை. எழுதியது நான்தான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளையிலிருந்து அவனுக்கு யார் மிச்சம் சொல்வார்கள்? கவனமான ஆளாகப் பார்த்து வையுங்கள். யாராவது தப்பாகச் சொல்லிவிட்டால் அவன் தாங்க மாட்டான்.